பிரேக் கத்துகிறதா? எண்ணெய் போத்தலை உள்ளே வையுங்கள்

வெள்ளவத்தையில் கடல் பக்கமாகக் கார் நிறுத்துகிறவர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. இரவு மழை பெய்திருக்கும். காலையில் வண்டியை எடுத்துக் காலி வீதிக்கு வருவதற்குள் முதல் பிரேக்கிலேயே ‘கிரீச்’ என்று கத்தும். நாலைந்து தடவை பிரேக் பிடித்ததும் அடங்கிவிடும். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கில் ஒரே இரவில் பிடித்த மெல்லிய துரு அது. பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கை அழுத்தும் பேட் உரசி உரசியே அது போய்விடும். இதற்காகக் கராஜுக்கு ஓடிக் காசைக் கொட்ட வேண்டாம்.

சத்தம் நாள் முழுக்கக் கேட்டால் கதை வேறு. எனக்கு அப்படித்தான் ஆனது. கதவுக் கீல் கத்தினால் எண்ணெய் விடுவதில்லையா, அதே நினைப்பில் துருநீக்கி ஸ்பிரேயோடு சக்கரத்தடியில் குந்திவிட்டேன். மேல்மாடி அண்ணை எட்டிப் பார்த்து, “தம்பி, கார் நிக்கிறதே அந்த உரசல்லதான். அதில எண்ணெய் அடிச்சிட்டு எங்க போய் நிக்கப் போறீர்?” என்றார். பேட்டில் எண்ணெய் ஊறிவிட்டால் துடைத்து எடுக்க முடியாது, புதிது போடத்தான் வேண்டும். இருக்கிற தவறுகளிலேயே இதுதான் மோசமானது.

கிரீஸுக்கு பிரேக்கில் இடமே இல்லையா? இருக்கிறது, ஆனால் டிஸ்க்கில் உரசும் பக்கத்தில் இல்லை. பேட் மிக நுணுக்கமாக அதிர்வதால்தான் அந்தக் கீச்சுக் குரல் பிறக்கிறது. அந்த அதிர்வை அடக்க பேட்டின் முதுகில் மெல்லிய தகடு ஒன்று இருக்கும், பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் கலிப்பர் முன்னும் பின்னும் நகர பின்கள் இருக்கும். பேட்டின் முதுகுக்கும் பின்களுக்கும், சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் கொஞ்சமாகப் பூச வேண்டும். பல இடங்களில் அவசரத்துக்குப் புது பேட்டை மட்டும் சொருகிவிட்டு, பேட்டைத் தாங்கும் துருப்பிடித்த கிளிப்பையும் இறுகிய பின்னையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டு கிழமையில் மறுபடியும் கத்தும். பழி பேட்டின் தலையில் விழும். மெக்கானிக் பாஸ் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று, “பின்னைக் கழற்றித் துடைச்சீங்களா?” என்று கேளுங்கள். கோபப்பட்டால் படட்டும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பேட் லேசில் தேயாது. அதனாலேயே வருடக்கணக்கில் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல் விடுகிறோம். உப்புக் காற்றில் டிஸ்க் ஓரம் துருவேறி, பின்கள் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், பாட்டைச் சத்தமாக வைத்துச் சமாளிக்கும் ஆட்கள். பல பேட்களில் சிறிய உலோக நாக்கு ஒன்று இருக்கிறது. உராயும் பகுதி 2, 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். கத்துவதற்கென்றே வைத்தது. அதையும் கடந்து ‘கரகர’ என்று அரைக்கத் தொடங்கினால் இரும்போடு இரும்பு உரசுகிறது. பேட்டோடு டிஸ்க்கையும் மாற்ற நேரும்.

பேட் வாங்க, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனால் விலையை மட்டும் கேட்காதீர்கள். காரின் அடையாள எண்ணான செசி நம்பரைக் கொண்டு போங்கள், ஒரே பெயர் கொண்ட ஜப்பான் கார்களிலும் மாடலுக்கு மாடல் பேட் மாறும். உலோகத்தூள் அதிகம் கலந்த பேட் கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றாமல் இடதும் வலதும் சேர்த்தே மாற்றுங்கள். போட்டதும் நெரிசலுக்குள் கொண்டுபோய் அழுத்தி மிதிக்கக் கூடாது. ஞாயிறு விடியலில், வீதி வெறிச்சென்று கிடக்கும்போது, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறைத்து, ஒரு பத்துத் தடவை பழக்குங்கள்.

கண்டியிலிருந்து திரும்பி வந்ததும் கத்துகிறது என்பவர்களிடம் கேட்டால், கடுகண்ணாவை இறக்கம் முழுக்கப் பிரேக்கில் கால் வைத்தபடியே வந்திருப்பார்கள். பேட் சூடேறிக் கண்ணாடி போல மினுங்கிவிடும். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

கத்தலோடு கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு சக்கரம் மட்டும் சூடாகிக் கருகல் வாடை வந்தாலோ, கலிப்பர் இறுகியிருக்கலாம். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் டிஸ்க் வளையக்கூடும். ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு, பாஸை அங்கேயே வரச் சொல்லுங்கள்.