பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

பக்கவாதத்துக்கு முக்கியக் காரணம் உயர் ரத்த அழுத்தம். அதை ஏற்றிவிடுவதில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். சமையலில் குறைத்தால் மட்டும் போதாது. பிரெட், சாஸ், சிப்ஸ் வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் சோடியம் என்றுதான் போட்டிருக்கும். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும்: 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. (கணக்கு முழு பாக்கெட்டுக்கா, 100 கிராமுக்கா? பலரும் ஏமாறுவது இங்கேதான்.) ருசி குறைகிறதே என்று பயப்பட வேண்டாம், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். கூடவே காய்கறி, பழம், பயறு. ரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவும் பொட்டாசியம் கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சேர்ப்பது நல்லது.