ரயில் தலைக்கு மேலே போனால் போதுமா?

அமெரிக்காவில் மத்திய அரசின் பணத்தைத் தொட்டால், 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதியும் கூடவே வரும்: இனம், நிறம், பூர்வீக நாடு பார்த்துப் பாகுபாடு கூடாது. போக்குவரத்துத் திட்டம் போடுகிற எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் சறுக்குகிறார்கள்.

திட்டத்தால் யாருக்குப் பாதிப்பு என்று பார்க்கும் ஆய்வைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது வழக்கமான தவறு. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் விமான நிலையத்துக்குத் தனிப் பாதை போட, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் பார்ட் (BART) ரயில் நிர்வாகம் கிளம்பியது. நடுவில் நிறுத்தம் கிடையாது. வழியில் வேலை செய்பவர்களுக்கு அது தலைக்கு மேலே போகிற வண்டி, அவ்வளவுதான். 3 டாலர் பஸ்ஸுக்குப் பதில் 6 டாலர் ரயில். ஏழைகளுக்கும் சிறுபான்மையினருக்கும் இதனால் என்ன ஆகும் என்று முறையாகப் பார்க்கவே இல்லை. உள்ளூர் அமைப்புகள் புகார் கொடுக்க, 2010இல் 7 கோடி டாலர் மத்திய நிதி கைநழுவிப் போனது. அப்படியும் 2014இல் பாதை வந்துவிட்டது, அது வேறு கதை.

இதைவிட ஆபத்தானது, செலவுக் கணக்குச் சூத்திரத்தை நம்பி உட்கார்ந்துவிடுவது. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ரோண்டோ பகுதியை ஐ-94 நெடுஞ்சாலை ஏற்கெனவே இரண்டாகப் பிளந்திருந்தது. பிறகு பக்கத்திலேயே இலகு ரயில் வந்தபோது, மற்ற இடங்களில் அரை மைலுக்கு ஒரு நிலையம், இவர்கள் பகுதியில் மட்டும் ஒரு மைலுக்கு ஒன்று. கேட்டால், நிலையம் கூடினால் செலவு கூடும், பயண நேரமும் கூடும், மத்திய நிதிக்கு விதித்திருந்த செலவுத்திறன் கணக்கு இடிக்கும் என்றார்கள். கார் இல்லாதவர் மினசோட்டா பனியில் அந்த அரை மைலை நடப்பது எந்தக் கணக்கில் வரும்? மக்கள் விடவில்லை. 2010இல் மத்திய அரசு அந்த விதியைத் தளர்த்தியது. வெஸ்டர்ன், விக்டோரியா, ஹாம்லின் என மூன்று நிலையங்கள் கூடுதலாகக் கிடைத்தன.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை வேலை நாளில் பகல் 2 மணிக்கு, ஆங்கிலத்தில் மட்டும் நடத்திவிட்டு ‘யாரும் எதிர்க்கவில்லை’ என்று எழுதுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2001 சாண்டோவல் தீர்ப்புக்குப் பிறகு, விளைவு பாரபட்சமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து, ஆறாம் பகுதியின்கீழ் தனிநபர்கள் வழக்குப் போட முடியாது. வேண்டுமென்றே செய்த பாகுபாடு என்று நிரூபிக்க வேண்டும். சுற்றுச்சூழல் நீதிக்காக, அதாவது சுற்றுச்சூழல் பாதிப்பு ஏழைகள், சிறுபான்மையினர் தலையிலேயே விழாமல் பார்ப்பதற்காக, அப்போதைய அதிபர் கிளின்டன் 1994இல் போட்ட ஆணையும் 2025 ஜனவரியில் ரத்தாகிவிட்டது. ஆணையை மட்டும் நம்பிக் கொள்கை எழுதிய நிர்வாகங்கள் இப்போது கையைப் பிசைகின்றன. நிலைய இடைவெளி, கட்டணம் போன்றவற்றுக்கான அளவுகோல்களைத் தங்கள் சொந்த விதிகளிலேயே எழுதி வைப்பதுதான் பத்திரம்.