மழை இரவுகளில் தூக்கம் திரும்பிய விதம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி இலங்கையின் பதுளை மாவட்டத்திலுள்ள மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியபோது சின்னம்மாவை இழந்தேன். அதன் பின்னர் தகரத்தில் மழைச் சத்தம் கேட்டாலே மூச்சு முட்டும். செருப்பை மாட்டிக்கொண்டு விடியும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பேன். வீட்டார் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அதில் எனக்குக் குறையில்லை, ஆனால் தூக்கம் வரவில்லை.

வைத்தியர் என்னை உளவளத்துணையாளரிடம் அனுப்பினார். ஆரம்ப வாரங்களில் அவர் சம்பவத்தைத் தொடாமல், மூச்சைச் சீராக்கவும் பாதம் தரையில் பதிவதை உணரவும் மட்டுமே பழக்கினார். “அவசரமில்லை தங்கச்சி, நிறுத்தணும்னா கையைத் தூக்குங்க” என்பார். பிறகே, அன்று காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டு முதல் சேற்றுக்கு மேலே தெரிந்த கூடைக் கயிறு வரை, கண்டதையும் கேட்டதையும் உடல் நடுங்கியதையும் வரிசையாகச் சொல்லவைத்தார். அதையே வாரந்தோறும் சொல்லச் சொல்ல, அந்தக் கூடைக் கயிறு வரும் இடத்தைத் தாண்டியும் என்னால் பேச முடிந்தது. அது நடந்து முடிந்த ஒன்று என்பதை உடலும் மெல்ல ஏற்றுக்கொண்டது. மழைக்கு இன்றும் விழிக்கிறேன், ஆனால் மறுபடி தூங்கிவிடுகிறேன்.

அனர்த்தம் நடந்த கையோடு ஒருவரை வற்புறுத்திப் பேசவைப்பது வேறு விடயம். அது கூடாதென்றே உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு உளவியல் முதலுதவிக் கையேடும் கூறுகிறது. பேசத் தயாரானவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.