பழைய ஆம்ப்ளிஃபையரைத் திறப்பதற்கு முன் ஒரு குண்டு பல்பு வாங்குங்கள்

பரணில் இருந்து இறக்கிய பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரைத் தூசி தட்டி, "பாடுதா பார்ப்போம்" என்று நேராகப் பிளக்கில் செருகுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் வேலை. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு சின்ன ரெசிஸ்டர் மட்டும் போயிருந்த ஆம்ப், அந்த ஒரு நொடியில் நாலு டிரான்சிஸ்டரையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். இங்கே நான் சொல்வதெல்லாம் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்களுக்கு. வால்வு ஆம்ப் என்றால் உள்ளே 300, 400 வோல்ட் டிசி ஓடும், முதல் முயற்சிக்கு அது வேண்டவே வேண்டாம்.

முதலில் பின்பக்கம் பாருங்கள். வெளிநாட்டில் இருந்து வந்த செட் என்றால் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். ஜப்பான் உள்நாட்டு மாடல் 100 வோல்ட், அமெரிக்க மாடல் 120 வோல்ட். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவற்றில் பெரும்பாலும் வோல்டேஜ் செலக்டர் இருக்கும், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காமல் நம்ம ஊர் 230இல் செருகினால் அப்புறம் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

சரி, பல்பு. ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட், கொஞ்சம் ஒயர். கரண்ட் பல்பின் வழியாகப் போய் ஆம்புக்கு வருகிற மாதிரி ஃபேஸ் லைனில் (கரண்ட் வரும் ஒயரில்) இணைக்க வேண்டும், எலக்ட்ரீஷியன்கள் சீரிஸ் லேம்ப் என்பார்களே, அதுவேதான். 60 அல்லது 100 வாட் பழைய குண்டு பல்பு வேண்டும். எல்இடி, சிஎஃப்எல் எதுவும் ஆகாது, சூடாகச் சூடாக ரெசிஸ்டன்ஸ் ஏறுகிற அந்தக் கம்பி இழைதான் இங்கே காவல்காரன். ஆம்பை ஆன் செய்ததும் பல்பு பளிச்சென்று ஒரு தடவை எரிந்து மங்கினால் நல்லது, கெப்பாசிட்டர்கள் நிரம்பியதன் அடையாளம் அது. மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். பல்பு கரண்டைத் தான் வாங்கிக்கொண்டதால் உள்ளே பெரும்பாலும் புதிதாக எதுவும் எரிந்திருக்காது.

மூடியைக் கழற்றும் முன் இன்னும் ஒன்று. பல்பு மங்கிவிட்டது, ஆனால் சத்தமே இல்லை என்றால் முன்பக்கம் 'டேப் மானிட்டர்' பொத்தான் அழுத்தியிருக்கிறதா பாருங்கள். அது அழுத்தியிருந்தால் ஆம்ப் இல்லாத டேப் டெக்கில் இருந்து பாட்டை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் 'பிரீ அவுட்', 'மெயின் இன்' என்று இரண்டு ஜோடி ஜாக் இருந்தால் அவற்றை இணைக்கும் உலோக வளைவுகள் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது தொலைந்துபோய் ஊமையான செட்டுகள் நிறைய. ஒரு பக்கம் மட்டும் பாடவில்லை என்றால் இடது வலது இன்புட் ஒயரை மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கமும் கூடவே மாறினால் கோளாறு ஒயரிலோ அதற்கு முன்னாலோ, ஆம்பில் இல்லை.

இனி திறக்கலாம். பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தது போதாது, பவர் சுவிட்சிலும் பியூஸிலும் 230 வோல்ட் அப்படியே நிற்கும். நடுவில் சோடா டின் அளவுக்கு நிற்கிற இரண்டு ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் பிளக் பிடுங்கிய பிறகும் 35, 40 வோல்ட்டை வைத்துக்கொண்டிருக்கலாம். ஸ்குரூடிரைவரால் தட்டி இறக்குகிறவர்கள் உண்டு, டப் என்று பொறி பறக்கும், கெப்பாசிட்டரின் காலும் ஸ்குரூடிரைவரின் முனையும் உருகும். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, வெள்ளைச் செங்கல் துண்டு மாதிரி இருக்குமே அதை, இரண்டு முனையிலும் பத்து வினாடி பிடியுங்கள், பிறகு மல்டிமீட்டரில் வோல்ட் இறங்கிவிட்டதா என்று சரிபாருங்கள்.

அடுத்தது கண்ணுக்கும் மூக்குக்கும் வேலை. பெரியப்பா 1982இல் துபாயில் இருந்து கொண்டுவந்த ஒரு ஜப்பான் செட்டை நான் திறந்தபோது கண்ணாடி பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. யாரோ ஒரு புண்ணியவானின் வேலை. பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் அது ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம், வாயை அடைத்தால் டிரான்ஸ்ஃபார்மரே போகும். கருகிய ரெசிஸ்டர், தலை உப்பிய கெப்பாசிட்டர், போர்டில் பழுப்பு நிறத் திட்டு எல்லாவற்றையும் மொபைலில் படம் எடுத்துவையுங்கள். கெப்பாசிட்டர் ஆடாமல் இருக்கப் பாக்டரியில் ஊற்றிய பசை, வருஷம் போகப் போகக் காப்பி நிறமாகி கரண்டைக் கடத்த ஆரம்பிக்கும், பக்கத்துக் கால்களையும் அரிக்கும். சுரண்டி எடுத்துவிட வேண்டும். போர்டின் அடிப்பக்கம் ரிலே (ஸ்பீக்கரை இணைக்கிற தானியங்கி சுவிட்ச்), பெரிய டிரான்சிஸ்டர், சூடாகிற ரெசிஸ்டர் ஆகியவற்றின் கால்களை லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஈயத்தில் மெல்லிய வட்ட விரிசல் தெரியும். தட்டினால் பாடி, சூடானால் நின்றுபோகிற செட்டுகளுக்குப் பெரும்பாலும் இந்த டிரை சால்டர்தான் காரணம். புது ஈயம் வைத்து மறுபடி பற்றவைத்தால் போதும்.

இப்போது ஸ்பீக்கர் எதுவும் மாட்டாமல், பல்பு வழியாக ஆன் செய்யுங்கள். ரிலே உள்ள ஆரோக்கியமான செட்டில் மூன்று முதல் ஐந்து வினாடியில் ரிலே 'டக்' என்று சொல்லும். சொல்லவில்லை என்றால் ஸ்பீக்கருக்குப் போகக்கூடாத டிசியை அது தடுத்து நிற்கலாம். மீட்டரை டிசியில் வைத்து, ரிலேவுக்கு முன்னால், அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் எமிட்டர் ரெசிஸ்டர்கள் (டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் பேஸ், கலெக்டர், எமிட்டர்) சந்திக்கும் இடத்தில் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 30 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பக்கத்து டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒற்றை சப்ளையில் ஓடி, அவுட்புட்டில் பெரிய கெப்பாசிட்டர் வைத்திருக்கும் 70களின் ஆரம்பகால செட்டுகளில் அந்த இடத்தில் சப்ளையில் பாதி இருப்பதுதான் சரி, பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

பெரியப்பாவின் செட்டில் இடது சானலில் 36 வோல்ட் காட்டியது. பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரை இறக்கிவிட்டு, மீட்டரை டையோடு மோடில் வைத்துப் பார்த்தால் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே சுழி, ஒயரைத் தொட்ட மாதிரி. நல்ல டிரான்சிஸ்டரில் பேஸில் இருந்து மற்ற இரண்டுக்கும் 0.5 முதல் 0.7 வரை காட்ட வேண்டும், கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே எதுவும் காட்டக்கூடாது. செட்டில் இருக்கும்போது அளந்தால் பக்கத்துப் பாகங்கள் பொய் சொல்லும், கழற்றி ஒரு தடவை உறுதி செய்யுங்கள். பெரிய அவுட்புட் டிரான்சிஸ்டர் போனால் தனியாகப் போகாது. அதை ஓட்டுகிற டிரைவர் டிரான்சிஸ்டர், 0.47 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர், பேஸ் ரெசிஸ்டர் எல்லாவற்றையும் வரிசையாக அளக்க வேண்டும், ஒன்றை விட்டால் புதுசும் அரை வினாடியில் போகும். நல்ல சானல் பக்கத்திலேயே இருக்கிறதே, அதில் என்ன அளவு வருகிறது என்று பார்த்து ஒப்பிடுங்கள், அதைவிடப் பெரிய சர்வீஸ் மேனுவல் கிடையாது. அப்புறம் ஏன் போனது என்றும் தேடுங்கள். எனக்கு அது பின்பக்க ஸ்பீக்கர் டெர்மினலில் கிடைத்தது, முறுக்காமல் செருகிய ஒயரில் இருந்து பிரிந்த ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பாகம் வாங்குவதுதான் இன்றைக்குப் பெரிய தலைவலி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நல்ல கடைகளும் இருக்கின்றன, ஆனால் 2என்3055, 2எஸ்சி5200 மாதிரி பெயர்பெற்ற டிரான்சிஸ்டர் நம்பர்களிலும், ஆம்பின் பவர் பகுதியை ஒரே பாகத்தில் அடக்கிய எஸ்டிகே ஐசிக்களிலும் போலி எங்கேயும் கலந்திருக்கிறது, வெளியே அச்சு கச்சிதமாக இருக்கும், உள்ளே சிலிக்கான் கடுகளவு. விலை ரொம்ப மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) மாட்டும்போது கரண்டைத் தடுக்கும் மைக்கா தகட்டையும் வெள்ளை ஹீட்சிங்க் பேஸ்ட்டையும் மறக்காதீர்கள், மாட்டி முடித்ததும் கலெக்டருக்கும் ஹீட்சிங்குக்கும் தொடர்பு இல்லை என்று மீட்டரில் பாருங்கள்.

ஹம் வருகிறதா? வால்யூமைக் குறையுங்கள். குறைத்தாலும் அதே அளவு 'ங்ங்' என்றால் பவர் சப்ளை, ஃபில்டர் கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம். வால்யூமோடு கூடிக் குறைந்தால் கோளாறு அதற்கு முன்னால், அநேகமாக எர்த் விட்டுப்போன ஷீல்டு ஒயர். வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகர என்றால் வால்யூம் கன்ட்ரோலுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது தடவை திருப்புங்கள், வீட்டுத் தாழ்ப்பாளுக்கு அடிக்கிற சாதாரண ஸ்பிரே வேண்டாம். எதையும் தொடாமலே மழை பெய்கிற மாதிரி இரைச்சல் என்றால் சின்ன டிரான்சிஸ்டர்கள், 2எஸ்சி458, 2எஸ்சி1345 இரண்டும் வயதானால் இதற்குப் பேர்போனவை. கேஎஸ்சி1845 போடலாம், கால் வரிசையைச் சரிபார்த்துவிட்டு.

"எல்லா கெப்பாசிட்டரையும் மாத்திடு" என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. கோளாறைக் கண்டுபிடிக்காமல் நாற்பது பாகத்தை மாற்றினால், பழைய கோளாறோடு நாமே உண்டாக்கிய புதுசும் சேரும், எது எது என்று தெரியாது. முதலில் பாட வையுங்கள், பிறகு வேண்டுமானால் ஒரு தடவைக்கு ஒரு போர்டு. மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கொஞ்சம் கூட, 105 டிகிரி வரை தாங்கும் ரகம், பிளஸ் மைனஸ் மாறாமல்.

கடைசியில் பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சின்னக் கரண்ட். டிரான்சிஸ்டர் மாற்றியிருந்தால் இதைத் தவிர்க்க முடியாது. அதைக் கூட்டிக் குறைக்கிற சின்னத் திருகு டிரிம்மர், அதைக் குறைந்த பயாஸ் வரும் பக்கம் வைத்துத் தொடங்குங்கள். பழைய டிரிம்மரின் தொடர்பு விட்டால் சில சர்க்யூட்டுகளில் பயாஸ் தாறுமாறாக ஏறும், அதனால் புதுசு போட்டுவிடுவது உத்தமம். பல்பு இருக்கும்வரை சப்ளை குறைவாக இருக்கும், எனவே எல்லாம் ஒழுங்கு என்று தெரிந்தபின் பல்பை எடுத்துவிட்டு எமிட்டர் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் அளங்கள். 0.47 ஓமில் 10 மில்லிவோல்ட் என்றால் ஏறத்தாழ 21 மில்லிஆம்பியர். எவ்வளவு வேண்டும் என்பது செட்டுக்குச் செட்டு மாறும், மேனுவலில் இருக்கும். மீட்டர் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள், நான் அளந்தேன், ராத்திரி பதினொரு மணி, கண் சொக்கியது, முனை வழுக்கி பேஸையும் கலெக்டரையும் சேர்த்துத் தொட்டது. புதுசாய்ப் போட்ட இரண்டும் சத்தமே இல்லாமல் போய்விட்டன. இப்போதெல்லாம் அணைத்த நிலையில் கவ்வி மாட்டிவிட்டு, கையை எடுத்தபின்தான் ஆன் செய்கிறேன்.

கால் மணி நேரம் சூடானபின் பயாஸை மறுபடி பார்த்துத் திருத்துங்கள். அப்புறம் போனால் வருத்தப்படாத ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டி இரண்டு மணி நேரம் மெதுவாகப் பாடவிட்டு, நடுநடுவே ஹீட்சிங்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியவில்லை என்றால் அணைத்துவிட்டு மறுபடி மீட்டரை எடுக்க வேண்டியதுதான். நல்ல ஸ்பீக்கர் மறுநாள் காலையில்.