கொம்பு: எங்கெல்லாம் தடுக்கி விழுகிறோம்

‘கொம்பு’ என்றதும் மாடும் ஆடும் கண்முன் வருவது இயல்பு. எல்லா இடத்திலும் அந்தப் பொருளையே வைத்துப் படிப்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. மரக்கிளைக்கும் கொம்பு என்றுதான் பெயர். கொம்புத்தேன் என்பது கிளையில் ஒற்றை அடையாகத் தொங்கும் சிறு தேனீயின் கூட்டிலிருந்து எடுப்பது. ‘முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல’ என்ற பழமொழி, கிளை உயரத்தில் இருப்பதை நினைத்தால்தான் புரியும். ‘புளியங்கொம்பாப் பிடிச்சிட்டான்’ என்பதும் அப்படியே. முருங்கைக் கொம்பு சட்டென்று முறியும், புளியங்கொம்பு லேசில் முறியாது. அதனால்தான் அது உறுதியான பிடிப்புக்கு உவமையானது.

‘நுனிக்கொம்பர் ஏறினார்’ என்ற குறளில் (476) ‘கொம்பர்’ என்பதைப் பார்த்து யாரோ ஆட்கள் என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. அது பலர்பால் விகுதி இல்லை; கொம்பு என்பதே கொம்பர் என்று திரிந்து நிற்கிறது. பொருள், கிளையின் நுனி.

கொம்பேறி மூக்கனும் இந்தக் கிளைக் கொம்பில் ஏறுகிற பாம்புதான். கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்ற கதையை நம்பி இன்றும் அதை அடித்துக் கொல்கிறார்கள். அது மனிதருக்கு ஆபத்தான நஞ்சு இல்லாத பாம்பு. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

விலங்குகளிலும் எல்லாக் கொம்பும் ஒன்றல்ல. மாட்டுக் கொம்பு உள்ளே எலும்பும் வெளியே நகம் போன்ற உறையுமாக இருக்கும், உதிராது. புள்ளிமானுடைய கொம்பு முழுக்க எலும்பு. உதிர்ந்து மறுபடி முளைக்கும். காண்டாமிருகக் கொம்பில் எலும்பே கிடையாது. யானைக்கொம்பு உண்மையில் பல், அதாவது தந்தம். தந்தமுள்ள ஆண் யானை கொம்பன், இல்லாத ஆண் மக்னா. 2023இல் கம்பம் பகுதிக்குள் வந்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானையின் பெயரில் உள்ள ‘அரி’ அரிசியைக் குறிக்கும் மலையாளச் சொல்.

பழைய பாடல்களைப் படிக்கும்போது ‘கோடு’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். விலங்கின் கொம்பு, தந்தம், கிளை எல்லாமே கோடுதான். கோட்டுப்பூ என்றால் கிளையில் பூக்கும் பூ. ‘குளவளாக் கோடின்றி’ (குறள் 523) என்னுமிடத்தில் அது குளத்தின் கரை.

இசைக்கருவியில் நடப்பது சின்னக் குழப்பம்: வளைந்திருப்பது கொம்பு, நீண்டு நேராக இருப்பது எக்காளம். பெயர் கொம்பு என்றாலும் இன்று கோயில்களில் ஊதுவது உலோகத்தால் செய்ததுதான்.

எனக்கு மிகவும் உறுத்துவது எழுத்தில் வரும் கொம்பு. ‘ெ’ ஒற்றைக்கொம்பு, ‘ே’ இரட்டைக்கொம்பு, ‘ை’ இணைக்கொம்பு. கையால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டுப் பழகியவர்கள் கணினியிலும் அதையே தேடுகிறார்கள். இன்றைய பெரும்பாலான கணினி விசைப்பலகைகளில் மெய்யெழுத்துக்குப் பிறகுதான் கொம்பு. திரையில் அதுவே முன்னால் போய் நின்றுகொள்ளும்.

இதைவிடப் பெரிய தவறு ஔகாரத்தில் நடக்கிறது. ‘கௌரி’ என்பதைக் க, ஒற்றைக்கொம்பு, ள, ரி என்று தட்டினால் ‘கெளரி’ என்று வரும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அதை ‘கெ-ள-ரி’ என்றுதான் வாசிக்க வேண்டும். கணினியும் அப்படியே எடுத்துக்கொள்ளும். ‘கௌரி’ என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படாமல் போகலாம், அகரவரிசையிலும் பெயர் இடம் மாறும். பெளர்ணமி, மெளனம், செளந்தர்யம் என்று இணையம் முழுக்க இந்தப் பிழைதான். மூன்றிலும் வரவேண்டியது ‘ௌ’ என்ற ஒரே குறி. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இது தலைகீழாகவும் நடக்கும்: தெளிவு ‘தௌிவு’ ஆகிவிடும். மாற்றி முடித்ததும் ‘ௌ’ வரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துவிடுங்கள்.