பேனாக்கத்தி வேறு, பேனாவுக்குள் இருக்கும் கத்தி வேறு

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வங்கிக் கணக்கு, வாடகை வீடு, பள்ளிக்கூடம் என்று எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். சாவிக்கொத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. என்னுடையதில் சாவி மாதிரியே ஒரு குட்டிக் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ பரிசாகக் கொடுத்தது. பார்சல் பிரிக்க வசதியாக இருந்ததால், அது சட்டப்படி என்ன பொருள் என்று நான் யோசித்ததே இல்லை.

இந்த ரகம் நிறைய உண்டு. லிப்ஸ்டிக், சீப்பு, பேனா, லைட்டர், பெல்ட் பக்கிள், கைத்தடி என்று பார்ப்பதற்கு ஒன்றாக இருக்கும், உள்ளே கத்தியின் அலகு ஒளிந்திருக்கும். விளையாட்டுப் பொருள் மாதிரி விற்பார்கள். கத்தி சின்னதாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று நாம் நினைப்போம். சட்டம் அப்படி நினைப்பதில்லை. வேறு பொருள் போல வேடம் போட்ட கத்திதான் அதன் கண்ணில் மோசமானது.

முதலில் பிரிட்டன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, இவற்றைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது. வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகாத, சாதாரணமாக மடங்கும் பேனாக்கத்திக்கு விலக்கு உண்டு. ஆனால் விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்திக்கு அந்த விலக்கு இல்லை, அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. மற்ற கத்திகளை வெளியே கொண்டுபோகத் தகுந்த காரணம் வேண்டும்: வேலை, மதம் போன்றவை. இல்லையென்றால் 4 ஆண்டு வரை சிறை.

இரண்டாவது, தடை செய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியல். உடம்பிலோ கைப்பையிலோ வழக்கமாகக் கொண்டுபோகும் பொருள் போலச் செய்யப்பட்ட கத்தி 2002-இல் அதில் சேர்ந்தது. இங்கே 3 அங்குலக் கணக்கு உதவாது. விற்பது, இறக்குமதி செய்வது மட்டுமல்ல, நண்பருக்குச் சும்மா கொடுப்பதும் குற்றம். 2021 ஜூலை 14 முதல் வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம்தான். மேசை இழுப்பறையில்தானே கிடக்கிறது என்ற சமாதானம் அன்றோடு போயிற்று.

கனடாவின் விதி இன்னும் நேரடியானது. 30 சென்டிமீட்டருக்குக் குறைவான, பார்க்கச் சாதுவான பொருளுக்குள் அலகை மறைத்து வைத்திருந்தால் அது தடை செய்யப்பட்ட ஆயுதம். கைப்பிடியே கத்திப்பிடியாக இருக்கும் சீப்பை அந்த விதியே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும் ஏறக்குறைய இதே கதை, அங்கே அலகு எவ்வளவு நீளம் என்பது கணக்கிலேயே வராது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் லிப்ஸ்டிக் கத்திக்கும் பேனா வடிவக் கத்திக்கும் சட்டப் புத்தகத்தில் தனித்தனிப் பிரிவே இருக்கிறது! ஜெர்மனியும் அன்றாடப் பொருள் போல வேடமிட்ட குத்தும் ஆயுதங்களைத் தடை செய்திருக்கிறது.

அப்புறம், போலீஸ் கேட்டால் நம்மவர்கள் சொல்லும் பதில். "பாதுகாப்புக்காக வைத்திருக்கிறேன்." இரவு வேலை முடித்துத் தனியாக நடந்து வரும் பெண்ணுக்கு அது நியாயமான பதிலாகத் தோன்றலாம். ஆனால் அதைவிட மோசமான பதில் கிடையாது. தற்காப்புக்காகக் கத்தி வைத்திருந்தேன் என்பதைத் தகுந்த காரணமாக ஏற்க முடியாது என்று நியூ சவுத் வேல்ஸ் சட்டம் எழுத்திலேயே சொல்கிறது. பிரிட்டனில், மனிதர்மேல் பயன்படுத்தத்தான் எடுத்து வந்தேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். "பையில் இருந்ததே மறந்துபோச்சு" என்பதும் தனியாக நின்று காப்பாற்றாது. காருக்குள் போட்டு வைத்தாலும் பையில் வைத்திருப்பது போலத்தான். விசா விண்ணப்பத்தில் குற்றப் பதிவு பற்றிக் கேட்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சமையல் கத்தி வாங்கப் பயப்பட வேண்டாம். கடையின் பொதியைப் பிரிக்காமல், ரசீதோடு, நேராக வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இணையத்தில் வாங்கும்போதுதான் கவனம் தேவை. ஒரு தளம் விற்கிறது என்பதால் நீங்கள் இருக்கும் நாட்டில் அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. பார்சல் சுங்கத்தில் நின்றால் பணம் போவதோடு முடியாமலும் போகலாம்.

இப்படி வேடமிட்ட கத்தி ஏற்கெனவே ஒன்று கையில் இருந்தால்? விற்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், பையில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்தைத் தேடியும் கிளம்பாதீர்கள், வழியில் சோதித்தால் விளக்கம் சொல்வது கஷ்டம். பிரிட்டனில் 101 என்ற அவசரமில்லா எண்ணுக்கு முதலில் போன் செய்து, எங்கே, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். பல ஊர்களில் கத்திகளைப் போடுவதற்கென்றே பூட்டிய பெட்டிகள் உண்டு. என் சாவிக் கத்தியும் கடைசியில் அப்படி ஒன்றுக்குள்தான் விழுந்தது.