பல் அடைக்கும் ரெசின் எவ்வளவு வேகமாக இறுகுகிறது? ஐஆரில் (அகச்சிவப்பு ஒளியில்) அளந்து பார்க்கலாம்

சொத்தைப் பல்லை அடைக்கும்போது டாக்டர் ஒரு பசையை வைத்து நீல விளக்கை 20 நொடி காட்டுவாரே, அது ஒரு பாலிமராக்கல் வினை, அதாவது மோனோமர் என்னும் சிறு மூலக்கூறுகள் சேர்ந்து நீண்ட சங்கிலியாவது. வினைவேகத்தை அளக்கப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை: விளக்கைப் போட்டால் வினை தொடங்கும், சில நிமிடங்களில் வேலை முடியும்.

எதைப் பார்க்கப் போகிறோம் என்பது முதலில். மோனோமரில் இருக்கும் கார்பன் இரட்டைப் பிணைப்பு ஐஆர் ஸ்பெக்ட்ரத்தில் 1637 செ.மீ⁻¹ பக்கம் ஒரு பீக் தரும். பாலிமர் ஆக ஆக இரட்டைப் பிணைப்பு ஒற்றையாகிவிடும், பீக் குறையும். பக்கத்திலேயே 1608-ல் பென்சீன் வளையத்தின் பீக் இருக்கிறது, அது வினையில் கலந்துகொள்ளாது. இந்த இரண்டின் விகிதம்தான் நமக்கு வேண்டியது. 1637-ஐ மட்டும் தனியாக நம்பாதீர்கள். ரெசின் இறுகும்போது சுருங்கும், அடர்த்தி மாறும், சில சமயம் அளக்கும் கருவியின் படிகத்தை விட்டு லேசாக எழும்பவும் செய்யும், அப்போது வினை நடக்காமலே பீக் உயரம் மாறிவிடும்.

கலவை: பிஸ்-ஜிஎம்ஏ 70 பங்கு, டெக்டிஎம்ஏ 30 பங்கு, இரண்டுமே மெதாக்ரிலேட் வகை மோனோமர்கள். முதலாவது தேனைவிடக் கெட்டி, இரண்டாவது அதை இளக்கத்தான். இதோடு, ஒளி பட்டதும் வினையைத் தொடங்கிவைக்க எடையில் அரை சதவீதம் கேம்ஃபர்குயினோன், அதற்குத் துணையாகக் கொஞ்சம் அமீன். டெக்டிஎம்ஏ-வில் பென்சீன் வளையமே கிடையாது, அதனால் அதைத் தனியாக எடுத்தால் 1608 இருக்காது, 1720 பக்கத்து கார்போனைலை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். கேம்ஃபர்குயினோன் நீல ஒளியை உறிஞ்சும், டியூப்லைட்டிலும் நீலம் உண்டு! எடை போட்டுக் கலக்கி மேசையிலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய், திரும்பி வந்தபோது பாதி இறுகிய கலவையைப் பார்த்தவன் நான். பாட்டிலைச் சுற்றி அலுமினியம் ஃபாயில் சுற்றுங்கள். கையில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், மெதாக்ரிலேட் சிலருக்கு ஒவ்வாமை தரும், மெல்லிய கையுறையையும் ஊடுருவும்.

அடுத்து, வைர ஏடிஆர், அதாவது மாதிரியை வைரப் படிகத்தின் மேல் வைத்து ஐஆர் அளக்கும் அமைப்பு. ஐஆர் ஒளி வைரத்தின் மேலிருக்கும் பொருளுக்குள் ஒன்றிரண்டு மைக்ரான்தான் எட்டிப் பார்க்கும், ஆகவே நாம் அளப்பது ரெசினின் அடிப்பகுதியை. வெறும் படிகத்தில் பின்னணி ஸ்பெக்ட்ரம் எடுத்துவிட்டு ஒரு சிறு துளி வையுங்கள், மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் தாள். காற்றிலுள்ள ஆக்சிஜன் வினையைத் தடுக்கும், தாள் அதற்காக. வைரத்துக்கும் ரெசினுக்கும் நடுவே எதுவும் வந்துவிடக் கூடாது.

புதியவர்கள் வழுக்குவது ஸ்கேன் எண்ணிக்கையில். அழகான ஸ்பெக்ட்ரம் வேண்டும் என்று 16, 32 ஸ்கேன் வைத்தால், ஒரு ஸ்பெக்ட்ரம் முடிவதற்குள் வினையின் சுவையான பகுதி போய்விடும். 4 செ.மீ⁻¹ பிரிதிறன், ஒரே ஒரு ஸ்கேன், நொடிக்கு ஒரு ஸ்பெக்ட்ரமாவது. இரைச்சல் கொஞ்சம் இருக்கும், இருக்கட்டும். விளக்கைப் போடும் முன்பே பதிவை ஓடவிடுங்கள், முதல் பத்து ஸ்பெக்ட்ரத்தின் சராசரிதான் உங்கள் தொடக்க விகிதம். அப்புறம் 20 நொடி விளக்கு. கண்ணுக்கு ஆரஞ்சு கண்ணாடி கட்டாயம். விளக்கை அணைத்தபின்பும் 10 நிமிடம் பதிவு ஓடட்டும், ஏனென்றால் இருட்டிலும் வினை கொஞ்சம் தொடரும்.

கணக்கு எளிது. ஒவ்வொரு ஸ்பெக்ட்ரத்திலும் இரண்டு பீக்குக்கும் ஒரே மாதிரி பேஸ்லைன் போட்டு உயரத்தை எடுத்து, 1637-ஐ 1608-ஆல் வகுங்கள். தொடக்கத்தில் 1.20, இப்போது 0.48 என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 40 சதவீதம், மாற்றம் 60 சதவீதம். நேரத்துக்கு எதிராக வரைந்தால், சரிவுதான் வேகம்.

முதல்படி வினைக்குச் செய்வதுபோல மிச்சத்தின் மடக்கை எடுத்து வரைந்தும் நேர்கோடு வரவில்லையே என்று பதற வேண்டாம். ரெசின் கெட்டியாகும்போது வளரும் சங்கிலி முனைகள் ஒன்றையொன்று சந்திக்க முடியாமல் சங்கிலியை முடித்துவைக்கும் வினை தள்ளிப்போகும், வேகம் ஏறும். பிறகு எல்லாம் கண்ணாடி போல உறைந்து மோனோமரும் நகர முடியாமல் வேகம் சரியும். அதனால்தான் 100 சதவீதம் வராது.

கடைசியில் சுத்தம். மரக் குச்சியால் நெம்பி எடுத்து ஐசோபுரோப்பனாலில் துடையுங்கள். துத்தநாக செலினைடு படிகம் என்றால் இந்தச் சோதனையே வேண்டாம், மென்மையானது, கீறிவிடும். துடைத்தபின் வெறும் படிகத்தை ஒருமுறை ஸ்கேன் செய்து 1720-ல் பீக் தெரிந்தால், மறுபடி துடையுங்கள்.